தாவீதின் கூடாரமும் ஒரு குடும்பத்தின் கொடிவழியும்

புனே நகரின் கேம்ப் பகுதியில் செங்கல் நிறத்தில் உயர்ந்து நிற்கும் ஒரு கோபுரத்தை உள்ளூர் மக்கள் 'லால் தேவள்', அதாவது சிவப்புக் கோயில் என்று அழைக்கின்றனர். தொலைவிலிருந்து காண்போர் அதைக் கிறித்தவத் தேவாலயம் என்றே எண்ணுவர். உண்மையில் அது ஓஹெல் டேவிட் என்னும் யூதத் தொழுகைக்கூடம். எபிரேயத்தில் அப்பெயருக்குத் 'தாவீதின் கூடாரம்' என்பது பொருள். 1863இல் தொடங்கி 1867இல் நிறைவுற்ற அக்கட்டடத்தின் வளாகத்திலேயே, அதைக் கட்டுவித்த டேவிட் சசூனின் கல்லறை மண்டபமும் உள்ளது. 1864இல் புனேயில் மறைந்த அவர் அப்பணி முடிந்ததைக் காணவில்லை.

சசூன் 1792இல் பாக்தாதில் பிறந்தவர். அவருடைய தந்தை அந்நகர ஆளுநர்களின் கருவூலப் பொறுப்பாளராக இருந்தவர். ஆட்சியாளரின் ஒடுக்குமுறைக்கு அஞ்சி வெளியேறிய டேவிட், பாரசீக வளைகுடாவின் புஷேர் துறைமுகம் வழியாக 1830களின் தொடக்கத்தில் பம்பாய் வந்தடைந்தார். இரு மனைவியர் வழியே அவருக்கு எட்டு ஆண்மக்களும் பல பெண்மக்களும் பிறந்தனர். பருத்தியும் நூலும் அபினும் குடும்பத்தின் செல்வத்தைப் பெருக்கின. பம்பாயில் சான்ஸ் சூசி, புனேயில் கார்டன் ரீச் என மாளிகைகள் எழுந்தன.

இக்குடும்பத்தின் கொடிவழியைக் கல்லறைகளைக் கொண்டு வரைந்தால், அது ஒரே இடத்தில் கிளைத்த மரமாக அமைவதில்லை. மூத்த மகன் ஆல்பர்ட் இங்கிலாந்தில் குடியேறி, 1890இல் பாரனெட் பட்டம் பெற்று, பிரைட்டனில் தமக்கென ஒரு கல்லறை மண்டபம் கட்டினார். 1933இல் அங்கிருந்த உடல் எச்சங்கள் லண்டனின் வில்ஸ்டன் இடுகாட்டுக்கு மாற்றப்பட்டன. மண்டபம் பின்னாளில் மதுக்கூடமானது. இரண்டாம் மகன் எலியாஸ் 1880இல் இலங்கையில் மறைந்தார். ஆல்பர்ட்டின் பேரன் பிலிப்பின் சாம்பல், 1939இல் அவருடைய டிரென்ட் பார்க் நிலத்தின் மீது வானூர்தியிலிருந்து தூவப்பட்டது. அவருடன் அப்பட்டம் முடிவுற்றது. எலியாஸின் கிளைக்குக் கிடைத்த மற்றொரு பட்டமும், 1961இல் விக்டர் சசூன் பஹாமாஸில் மறைந்தபோது வாரிசின்றி முடிந்தது.

பட்டங்கள் ஆண்வழியில் மட்டுமே இறங்குவன. அதனால் பட்ட வரிசையை மட்டும் வைத்து எழுதப்படும் குடும்ப வரலாறு, பெண்வழி உறவுகளைக் காணாமல் விட்டுவிடுகிறது. டேவிட்டின் பேத்தி ரேச்சல் பீர் 1858இல் பம்பாயில் பிறந்தவர். லண்டனில் 'அப்சர்வர்', 'சண்டே டைம்ஸ்' ஆகிய இரு இதழ்களுக்கும் ஆசிரியராக இருந்தவர். அவருடைய சகோதரர் ஆல்பிரட், யூதரல்லாத பெண்ணை மணந்ததால் குடும்பச் சொத்தை இழந்தார். அந்த ஆல்பிரட்டின் மகனே, முதல் உலகப்போரின் கவிஞர் சிக்ஃபிரீட் சசூன். அத்தை விட்டுச்சென்ற பணத்தைக் கொண்டே அவர் ஹெய்டஸ்பரி மாளிகையை வாங்கினார். ஒதுக்கப்பட்ட கிளைக்கு நிலம் வந்து சேர்ந்தது ஒரு பெண்ணின் கையால்தான். கத்தோலிக்கராக மாறிய சிக்ஃபிரீட், 1967இல் சோமர்செட்டின் மெல்ஸ் சிற்றூர்த் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அயர்லாந்தின் நிலவுடைமைக் குடும்பங்களை ஆராய்வோர், கல்லறைக் கல்வெட்டுகளுக்குத் தனி மதிப்பு அளிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1922இல் டப்ளின் நகரின் பொது ஆவணக் காப்பகம் தீக்கிரையானபோது, உயில்களும் தேவாலயப் பதிவேடுகளும் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளும் பெருமளவில் அழிந்தன. தாள் எரிந்த இடத்தில் கல் சாட்சியாயிற்று. ஆயினும் அச்சாட்சியும் பக்கச்சார்புடையதே. நிலக்கிழாரின் பெயர் கல்லில் நின்றது. அவருக்குக் குத்தகை செலுத்திய உழவருள் பலருக்கு ஒரு நடுகல்லும் வாய்க்கவில்லை.

புனேயின் கல்லறையும் இத்தகைய சாட்சியே. சசூன்களின் நிலை நேர்மாறானது: அவர்களுடைய தாள்கள் எஞ்சியுள்ளன. எபிரேய எழுத்தில், பாக்தாத் யூதர்களின் அரபு வழக்கில் எழுதப்பட்ட வணிகக் கடிதங்கள் ஜெருசலேமில் உள்ள இஸ்ரேல் தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. கல் ஒரு கொடையாளரைக் காட்டுகிறது. கடிதங்கள் சீனத்துக்கு அபின் அனுப்பிய வணிகர்களைக் காட்டுகின்றன. மத்திய இந்தியாவில் கசகசாச் செடி பயிரிட்ட உழவரோ, சீனத்தில் அப்பழக்கத்தால் சிதைந்தவரோ எந்தக் கொடிவழியிலும் இடம்பெறுவதில்லை. ஆயினும் இக்குடும்பத்தின் எழுச்சியை அவர்களைத் தவிர்த்து விளக்க இயலாது.

பட்டங்கள் முடிந்துவிட்டன, குடும்பக் கிளைகள் கண்டங்கள் தோறும் கலைந்துவிட்டன. ஆனால் புனேயில் அப்பெயர் நாள்தோறும் ஒலிக்கிறது. டேவிட் சசூனின் கொடையால் எழுந்த சசூன் மருத்துவமனை இன்றும் ஏழை நோயாளிகளின் புகலிடம். பேருந்திலிருந்து இறங்கி 'சசூன் எங்கே?' என்று வழி கேட்பவர், பாக்தாதையோ அபினையோ எண்ணிக் கேட்பதில்லை. அவருக்கு அது நோய் தீர்க்கும் இடத்தின் பெயர். ஆய்வாளர் இவ்விரண்டையும் ஒருசேர எழுத வேண்டியிருக்கிறது: பணம் வந்த வழியைக் கொண்டு மருத்துவமனையை மறுக்காமலும், மருத்துவமனையைக் கொண்டு பணம் வந்த வழியை மறைக்காமலும்.