நுரைச்சோலை வீடுகள்

கல்முனையில் பஸ் ஏறினால் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில் என்று கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டே அக்கரைப்பற்று வந்துவிடலாம். 2004 டிசம்பர் 26 இல் இந்தக் கரை முழுவதும் சுனாமிக்கு இரையானது. வீடிழந்தவர்களுக்காக சஊதி அரசின் உதவியில் அக்கரைப்பற்றுக்கு அப்பால் நுரைச்சோலையில் 500 வீடுகள் எழுந்தன. யாருக்கு எத்தனை என்ற பிணக்கு உயர் நீதிமன்றம் வரை போயிற்று. கட்டி முடித்த வீடுகள் பத்து வருடத்துக்கும் மேலாகப் பூட்டியே கிடந்து, பற்றைக்காடு மூடின.

பிற ஊர்ச் சகோதரிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். (அது சரியா என்பது வேறு பேச்சு, எனக்கு உடன்பாடில்லை.) ஆகவே, ‘எப்படியும் ஒரு வீடு வரும்’ என்று மகளின் கலியாணப் பேச்சைத் தள்ளிப்போட்ட தாய்மார் உண்டு.

எனக்குத் தெரிந்த ஒரு ராத்தா தங்கச்சியின் வளவில் கொட்டில் போட்டு ஐந்து வருடம் அப்படியே இருந்தார். கூரைக்குக் கிடுகுகூட மாற்றவில்லை. போகப்போகிறவர்களுக்கு எதற்கு என்ற எண்ணம். பிறகு அந்த எண்ணத்தை விட்டார். பன்பாய் இழைத்த காசு, சீட்டுக் காசு, ஒரு பசுவை விற்ற காசு எல்லாம் சேர்த்து அதே வளவில் இரண்டு அறை எழுப்பினார். மகளின் நிகாஹும் நடந்தது.

அந்த ஐந்து வருடத்தில் எது பெரிய கஷ்டம் என்று அவரிடம் கேட்டேன்.

“ஒழுக்கு இல்ல மௌலவி. ஒவ்வொரு மழைக்கும், அங்க இருந்தா நனையமாட்டமே எண்டு நினைச்சதுதான்” என்றார், பேத்திக்கு ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தபடி.