தாத்தாவின் கண்ணும் கலர் திரையும்

போன மே மாசம் தாத்தாவுக்கு கேட்டராக்ட் ஆபரேஷன் நடந்தது. கட்டு பிரிச்சு குரோம்பேட்டை வீட்டுக்கு வந்ததும் அவர் முதல்ல கேட்டது, "ஹால் சுவருக்கு எப்போடா நீலம் அடிச்சீங்க?"

அது ஏழு வருஷமா நீலம்தான். மஞ்சளாகிப் போன லென்ஸ், கண்ணுக்குள்ளேயே ஒரு ஃபில்டர் மாதிரி உட்கார்ந்து நீலத்தைத் தடுத்திருக்கு.

அன்னைக்கே முடிவு பண்ணேன், இன்டர்ன்ஷிப் ஸ்டைபெண்டில் தாத்தாவுக்கு ஒரு கலர் ஈ-ரீடர். 1972-ல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோட ஆரம்பிச்ச காலத்து வாசகர் அவர். பலூன் எழுத்தைப் பெருசாக்கிப் படிக்கட்டும்னு, அவர் அலமாரியில் இருந்த கலர் இதழ்களை நானே ஸ்கேன் பண்ணி வச்சிருந்தேன். ஈ-இங்க்னா கண்ணுக்கு நல்லது, இதுல யோசிக்க என்ன இருக்குன்னு நினைச்சேன்.

வாங்குறதுக்கு முன்னாடி சீனியர் ஒருத்தரோட ஈ-ரீடரையும், ரூம்மேட்டோட எல்சிடி டேப்லெட்டையும் கடன் வாங்கிட்டுப் போனேன். மதியம் பன்னிரண்டு மணிக்கு மொட்டைமாடி. டேப்லெட்டைப் பார்த்த தாத்தா, "என் மூஞ்சிதான்டா தெரியுது" என்றார். ஈ-ரீடரில் பக்கம் அச்சடிச்ச மாதிரி தெளிவு. வெயில் ஏற ஏற இன்னும் தெளிவு. ஜெயிச்சாச்சுன்னு கீழே இறங்கினேன்.

சாயங்காலம் ஏழு மணி, ஹாலில் ஒரே ஒரு ட்யூப் லைட். அதே ஈ-ரீடரில் வெள்ளைப் பக்கம் சாம்பலாகத் தெரிந்தது. கலர் எல்லாம் துவைச்சு வெளுத்த சட்டை மாதிரி. "லைட்டைப் போடுடா" என்றார். லைட் எரிஞ்சுட்டுதான் இருந்தது.

காரணம் இதுதான். அந்த ஈ-ரீடரில் இருப்பது 2022-ல் வந்த கலைடோ 3 திரை. அடியில் கறுப்பு-வெள்ளை ஈ-இங்க், மேலே சிவப்பு, பச்சை, நீல ஃபில்டர். வெளிச்சம் அந்த ஃபில்டரைக் கடந்து உள்ளே போய், திரும்பவும் அதைக் கடந்துதான் வெளியே வரணும். ரெண்டு தடவையும் கொஞ்சம் போயிடும். கறுப்பு எழுத்துக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் கிடைச்சாலும் கலருக்கு 150தான். முன்விளக்கைக் கூட்டினா பரவாயில்லை, ஆனா பலூனைப் பெருசாக்கி நகர்த்தும்போதெல்லாம் திரை மின்னி மின்னி அடங்குது.

ஃபில்டரே இல்லாத வழியும் இருக்கு. ரீமார்க்கபிள் பேப்பர் ப்ரோவில் வரும் கேலரி 3-ல் சயான், மெஜந்தா, மஞ்சள், வெள்ளைன்னு நாலு நிறத் துகள்களையும் மின்னழுத்தத்தாலேயே நகர்த்துறாங்க. கலர் அழகு. ஆனா நல்ல தரத்தில் ஒரு பக்கம் வர ஒன்றரை செகண்ட் ஆகும். 2011-ல் நம்ம நாட்டு நோஷன் இங்க் நிறுவனம் தன்னோட ஆடம் டேப்லெட்டை பிக்சல் கி திரையோடவும் கொடுத்தது. வெயிலில் பேக்லைட்டை அணைச்சுட்டுப் படிக்கலாம், ஆனா அப்போ கலர் கிட்டத்தட்ட காணாமப் போயிடும். வெயில், கலர், வேகம் மூணையும் ஒரே திரையில கேட்டா ஏதோ ஒண்ணை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டியிருக்கு.

நான் ஸ்பெக் ஷீட் எல்லாம் படிச்சேன். தாத்தா எந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து படிப்பார்னு மட்டும் யோசிக்கல. அவர் படிக்கிறது ராத்திரி, ஹாலில், அந்த ட்யூப் லைட்டுக்குக் கீழே. டாக்டர் கண்ணிலிருந்து எடுத்த ஃபில்டரை நான் காசு கொடுத்து திரும்ப முன்னாடி வைக்கப் பார்த்திருக்கேன்.

டேப்லெட்தான் வாங்கினேன். சீனியரோட ஈ-ரீடரை இப்பவும் அப்பப்போ கேட்டு வாங்கிக்கிறேன். தாம்பரத்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, கலர் இல்லாத தமிழ்க் கதைகளை மெதுவா படிக்க அதுதான் சரி.

முதல் வாரமே தாத்தா, "நீலம் ஜாஸ்தியா இருக்குடா" என்றார். நைட் மோட் போடக் காட்டிக்கொடுத்தேன். ஒன்பது மணியானா அவரே போட்டுக்கிறார். அதுவும் ஒரு மஞ்சள் ஃபில்டர்தான். ஆனா இந்தத் தடவை வேணும்னா போட, வேண்டாம்னா எடுக்க அவராலேயே முடியுது.