ரேகை தேஞ்ச கையா, பழுதான டிரைவரா?

யுஎஸ்பி கருவிகளுக்கு டிரைவர் எழுதுவது என் பிழைப்பு. அதைப் பற்றி இங்கே எழுதக் காரணம் இருக்கிறது.

துப்புரவுத் தொழிலாளர்களுக்கு வருகைப் பதிவு எடுக்கும் கைரேகை இயந்திரம் ஒன்று என்னிடம் பழுதுபார்க்க வந்தது. அவ்வப்போது 'பொருந்தவில்லை' என்று சொல்லும். பதிவாகாத நாளுக்குக் கூலி கிடையாது. "துடைப்பம் புடிச்சுப் புடிச்சு ரேகை தேஞ்சுபோச்சு, மெஷின் என்ன பண்ணும்?" என்றார் மேற்பார்வையாளர். ரேகை தேய்வது உண்மைதான். ஆனால் அவர் விரலுக்கும் சில நாள் அதே பதில்தான் வந்தது. அவருக்குக் கையெழுத்துப் போட நோட்டு இருந்தது. நம்ம ஜனத்துக்கு இல்ல.

கருவிக்கும் போர்டுக்கும் நடுவே யுஎஸ்பி அனலைசரை மாட்டினேன். கம்பியில் போன பதில் 'பொருந்தியது'. நினைவகத்தில் கிடந்ததோ முந்தின ஆளுக்கு வந்த 'பொருந்தவில்லை'.

கருவி அனுப்பும் பதிலை யுஎஸ்பி கண்ட்ரோலர் நேராக நினைவகத்தில் எழுதும். டிஎம்ஏ என்பது இதுதான். செயலி நினைவகத்தை ஒவ்வொரு பைட்டாக எடுக்காது. அந்த போர்டில் 64 பைட் கொண்ட வரிவரியாகத் தன் கேஷுக்குள் எடுத்துக்கொள்ளும். டிரைவர் எழுதிய நிறுவனமோ, பதிலுக்கான 16 பைட் பஃபரையும் ஒரு கவுண்டரையும் ஒரே ஸ்டிரக்டில், ஒரே வரிக்குள் ஒட்டி வைத்திருந்தது. பதில் வந்துசேருமுன் செயலி கவுண்டரைக் கூட்டினால், பழைய பதிலும் சேர்ந்து கேஷுக்குள் போகும். அந்த வரி நினைவகத்துக்குத் திரும்பும்போது புதுப் பதில் அழிஞ்சுபோகும். இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தால்தான் இது நடக்கும். அதனால்தான் பழி விரல்மேல் நின்றது.

"எங்க லேப்டாப்ல ஒழுங்கா ஓடுதே" என்றது நிறுவனம். ஓடும். இண்டெல், ஏஎம்டி கணினிகளில் கேஷையும் டிஎம்ஏவையும் வன்பொருளே ஒத்துப்போக வைக்கிறது. பல சிறிய ஆர்ம் போர்டுகளில் அந்தக் கவனம் மென்பொருளின் பொறுப்பு. பஃபரை ஸ்டிரக்டுக்குள் திணிக்காமல், ஸ்டாக்கிலும் வைக்காமல், கேமல்லாக் மூலம் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். லினக்ஸ் கெர்னலோடு வரும் டிஎம்ஏ ஆவணத்திலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. 2016 டிசம்பரில் வந்த லினக்ஸ் 4.9-இல் ஸ்டாக் வைக்கப்படும் விதம் மாறியபோது, ஸ்டாக்கில் பஃபர் வைத்திருந்த யுஎஸ்பி டிரைவர்கள் பல உடைந்தன. விதி தெரியாமல் இல்லை, அதை மதிக்கவில்லை.

திருத்தம் சில வரிகள்தான். அதற்குப் பிறகு கம்பியில் போன பதிலே நினைவகத்திலும் இருந்தது. வெட்டின கூலியை மட்டும் யாரும் திருத்தவில்லை.

சங்கத்தில் வேலை செய்யும் தோழர்களே, ரேகை தேஞ்சுபோச்சு என்று சொன்னால் அப்படியே ஒத்துக்கொள்ளாதீர்கள். கம்பியில் போன பதிலைக் காட்டச் சொல்லுங்கள். கையெழுத்து நோட்டை எல்லாருக்கும் கேளுங்கள்.