பொதிகை உச்சியில் குறுமுனி தரிசனம்

திருக்கயிலையில் சிவபெருமானின் திருக்கல்யாணத்தைக் காண மூவுலகத்தோரும் குழுமியபோது, பாரம் தாங்காமல் வடதிசை தாழ்ந்து தென்திசை உயர்ந்தது. உலகைச் சமன் செய்ய இறைவன் அகத்திய மாமுனிவரைத் தெற்கே அனுப்பினார் என்பது புராணம். அவர் எழுந்தருளிய மலையே பொதிகை.

திருவனந்தபுரம் மாவட்டமும் திருநெல்வேலி மாவட்டமும் கூடும் எல்லையில், 1,868 மீட்டர் உயரத்தில் அதன் கொடுமுடி விளங்குகிறது. மலையாள மக்கள் அதனை அகஸ்தியார்கூடம் என்பர். உச்சியில் கோயில் கட்டடம் ஏதும் இல்லை. திறந்த வெளியில், காற்றும் மழையும் அபிஷேகம் செய்ய, முனிவரின் திருவுருவம் மட்டுமே உள்ளது. அதனைத் தரிசிக்க மூன்று நாள் மழைக்காட்டைக் கடந்து வர வேண்டும்.

கானகத்தின் வாயில்

யாத்திரை தொடங்கும் இடம், கேரளத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு அப்பாலுள்ள போனக்காடு. மகர விளக்கை ஒட்டி, ஜனவரி மாதத்தில் தொடங்கும் பருவத்தில் கேரள வனத்துறை அனுமதி வழங்குகிறது. நாள் ஒன்றுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையினரே செல்லலாம். முன்பு ஆடவர் மட்டுமே சென்றுவந்த இம்மலைக்கு, கேரள உயர்நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பையடுத்து 2019 முதல் பெண்களும் செல்கின்றனர்.

முதல் நாள் நடை ஏறத்தாழ 15 கிலோமீட்டர். வழிகாட்டி முன்னே செல்ல, குழுவினர் ஒருவர்பின் ஒருவராக நடக்கின்றனர். கரமனையாறு, வாழப்பீந்தியாறு, அட்டையாறு என ஓடைகள் குறுக்கிடுகின்றன. நண்பகலிலும் வெயில் தரையைத் தொடாத அடர்வனம். காலடியில் ஈரச் சருகு. அதில் காத்திருக்கும் அட்டைகள். எங்கோ உயர்ந்த கிளையில் சிங்கவால் குரங்கின் குரல். பின்னர் காடு விலகி, நிழலற்ற புல்வெளி வருகிறது. அதனை அடுத்து மீண்டும் ஏற்றம். வழியிலுள்ள செங்குத்தான ஏற்றம் ஒன்றுக்கு முட்டிடிச்சான் என்றே பெயர்; ஏறுவோரின் முழங்கால் அவர்கள் முகத்தருகே வருமாம். மாலையில் அதிருமலை முகாமை அடைந்து, கஞ்சி அருந்தி, குளிரில் ஒடுங்கி உறங்குகின்றனர்.

யானையும் காட்டெருதும் உலவும் வனமாதலால் எவரும் தனித்துச் செல்லலாகாது. வேகமாக நடக்க வல்லவர் மெதுவாக நடப்பவருக்காகக் காத்திருக்கிறார். தன் சோர்வை மறைக்க நினைப்பவரும் ‘சற்று நில்லுங்கள்’ என்று வாய்விட்டுக் கேட்கப் பழகுகிறார். யாத்திரை கற்பிக்கும் முதற்பாடம் இதுவே.

காணி மக்களின் மூலிகை

இம்மலையின் தொல்குடிகள் காணி மக்கள். அகத்தியரைத் தம் மலைத்தெய்வமாகப் போற்றுபவர்கள். 1987ஆம் ஆண்டு அறிவியலாளர் குழு ஒன்று இக்காட்டில் ஆய்வு செய்தபோது, வழிகாட்டிய காணியர் ஒரு செடியின் காய்களை உண்டபடி களைப்பின்றி நடந்தனர். அதுவே ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ‘ஜீவனி’ என்னும் மருந்து உருவாயிற்று. அதன் வருவாயில் ஒரு பங்கு காணி மக்களுக்கும் அளிக்கப்பட்டது. சித்த மருத்துவத்தின் முதல்வராகப் போற்றப்படும் முனிவரின் மலையில், மூலிகையறிவு அங்கு வாழும் மக்களிடம் இன்றும் உயிரோடு இருக்கிறது.

கயிற்றைப் பற்றி மேலே

இரண்டாம் நாள் விடியலில் உச்சியை நோக்கிப் புறப்பாடு. ஏறத்தாழ 6 கிலோமீட்டர்தான். ஆயினும் முதல் நாளினும் கடினம். ஈற்றைப் புதர்களைக் கடந்தால், நீர் வழியும் பொங்காலப்பாறை. அதற்குமேல் மரங்கள் குட்டையாகி, பாறை தலைதூக்குகிறது. இறுதியில் கட்டியுள்ள கயிற்றைப் பற்றியே ஏற வேண்டும். காற்று ஆளைத் தள்ளுகிறது. மேகம் வந்து மறைக்கிறது. உடல் ஒத்துழைக்காதவர் இதற்குக் கீழேயே அமர்ந்து கைகூப்புவதும் உண்டு. அதனால் அவர் யாத்திரை குறைந்துவிடுவதில்லை.

உச்சியை அடைந்த அன்பர்களுக்கு ஓர் ஏக்கம் எழுவது இயல்பு. இத்தனை தூரம் வந்தும் பால் சொரிய இயலவில்லையே, கற்பூரம் காட்ட இயலவில்லையே என்று மனம் வாடும். பூசைப் பொருள்களையும் நெகிழிப் பைகளையும் வனத்துறை அனுமதிப்பதில்லை. பரம்பரையாக வழிபட்டு வந்த குடும்பத்தினருக்கு இது வருத்தமே. எனினும், தடையின் காரணத்தை அறிந்தால் அவ்வருத்தம் தணியும்.

பொதிகையில் பிறப்பது தாமிரபரணி. இரு பருவமழைகளையும் ஏற்கும் இக்காட்டில், மழைத்துளி முதலில் இலைமேல் விழுகிறது. பின்னர் சருகில் இறங்கி, வேரடி மண்ணில் ஊறி, சிறுகச் சிறுக ஓடையில் கசிகிறது. ஆகவேதான் மழை ஓய்ந்த மாதங்களிலும் ஆறு ஓடுகிறது. நவகைலாயங்களையும் நவதிருப்பதிகளையும் தன் கரைகளில் தாங்கி, நெல்லைச் சீமையின் வயல்களை நனைத்து, புன்னைக்காயலில் கடலில் கலக்கிறது. அந்தக் காடு கெட்டால் அபிஷேகத் தீர்த்தம் ஏது? மலையில் எதையும் விட்டுவராமல் திரும்புவதே முனிவருக்குச் செய்யும் பூசை.

ஏற இயலாதவர்களுக்கு

முதுமையாலும் நோயாலும் இம்மலையை ஏற இயலாத அன்பர்கள் மனம் தளர வேண்டியதில்லை. அகத்தியரே கயிலைத் திருமணத்தைக் கயிலையில் காணவில்லை. இருந்த இடத்திலேயே அவருக்கு இறைவன் மணக்கோலம் காட்டியருளினார். அத்தலம் மலையடிவாரத்திலுள்ள பாபநாசம். பாபநாசநாதர் திருக்கோயிலில், கருவறைக்குப் பின்புறம் அந்தத் திருமணக்கோலத்தை இன்றும் கண்டு வணங்கலாம். சித்திரை விசுவன்று அந்நிகழ்வு விழாவாக நடைபெறுகிறது.

அங்கு நீராடும் அன்பர்கள் ஒன்றைக் கருத வேண்டும். பரிகாரம் என எண்ணி, உடுத்திய துணிகளை ஆற்றிலேயே விடும் வழக்கம் பெருகியுள்ளது. குவியும் துணிகளை வண்டி வண்டியாக அள்ள வேண்டியிருக்கிறது. உச்சிக்குச் செல்வோர் காட்டில் கடைப்பிடிக்கும் நியமத்தை அடிவாரத்தில் நீராடுவோரும் ஏற்கலாம். மூழ்கி எழுந்து, ஈரத்துணியைப் பிழிந்து, வீட்டிற்கே எடுத்துச் செல்லலாம். குறுமுனி காக்கும் தண்பொருநை அடுத்த தலைமுறைக்கும் தூயதாய் ஓடட்டும்.