புகை போகும் வழி

கணப்பைப் பார்க்கிறவர்கள் அதன் வாயைப் பார்க்கிறார்கள். விறகு அடுக்கும் இடம், அதன் மேல் கருங்கல் உத்தரம், அதற்கும் மேலே ஒரு பலகை, பலகையில் ஒரு கடிகாரமோ குடும்பப் புகைப்படமோ. கணப்பு வேலை செய்வது இவற்றால் அல்ல. உத்தரத்துக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில், புகைபோக்கி தொடங்குமுன் சுவர்கள் ஒடுங்குகின்றன. மேஸ்திரிகள் அதைத் தொண்டை என்கிறார்கள். ஆங்கிலத்திலும் அதே சொல்தான். தொண்டை அகலமாக இருந்தால் அறையின் வெதுவெதுப்பான காற்று முழுவதும் மேலே போய்விடும். குளிர்காற்று அதே வழியாக இறங்கிப் புகையை அறைக்குள் தள்ளும். மிகவும் குறுகினாலோ புகை போக வழியில்லாமல் திரும்பிவிடும். இதற்கு அளவு சொன்னவர்களில் முக்கியமானவர் ரம்ஃபோர்டு என்ற பட்டப் பெயரால் அறியப்படும் பெஞ்சமின் தாம்சன். தொண்டைக்கு நாலு அங்குல ஆழம் போதும் என்று 1796இல் எழுதினார். கணப்பின் பக்கச் சுவர்களைச் சாய்த்து விரிக்கவும் சொன்னார். சுவரில் பட்ட சூடு அறைக்குள் திரும்பி வரும் என்பதற்காக.

ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபே'யில் காதரின் என்ற பெண், பழைய மடாலயமாக இருந்த வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறாள். கனத்த சிற்பவேலையுடன் ஒரு பிரம்மாண்டமான கணப்பை அங்கே எதிர்பார்க்கிறாள். இருப்பது ரம்ஃபோர்டு முறையில் சுருக்கிய, ஒழுங்காகச் சூடு தருகிற கணப்பு. அவளுக்கு ஏமாற்றமாகிவிடுகிறது. பி.ஏ. வகுப்பில் இந்த இடத்தை நகைச்சுவை என்று சொல்லிக் கடந்துபோனார்கள். எனக்கு இப்போது அது அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை. நாவலில் படித்ததை வீட்டில் தேடுகிறவளுக்கு எதிரே எரிகிற நெருப்பு தெரிவதில்லை. குன்னூரில் என் பெரியப்பா வீட்டுக்கு நாள் வாடகைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் காதரினின் வம்சம். அவர்கள் பார்த்தது நாவலில் இல்லை, சினிமாவில் என்பதுதான் வித்தியாசம்.

பெரியப்பா அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக்காரர்கள் காலத்து வீடு ஒன்றை, சிம்னி உட்பட, கிடைத்த பணத்தில் வாங்கினார். பிள்ளைகள் வெளியூர் போனபின் முன்கட்டின் இரண்டு அறைகளையும் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுகிறார். நான் வங்கியில் குமாஸ்தா. குன்னூருக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து பின்கட்டில் இருக்கிறேன். இரண்டு வருஷம் முன்பு, டிசம்பர் கடைசியில், ஐந்து இளைஞர்கள் வந்தார்கள். ஊர் எது என்பது அவசியமில்லை. மூன்று நாளைக்கென்று வராந்தாவில் அடுக்கியிருந்த விறகை ஒரே இரவில் எரித்தார்கள். தீ உத்தரத்தை நக்கியிருக்கிறது. புகை அறைக்குள் வந்ததும் ஒருவன் தொண்டையில் இருந்த இரும்பு மூடியை, டேம்பர் என்பார்களே அதை, கம்பியால் இடித்திருக்கிறான். எந்தப் பக்கம் தள்ளினால் திறக்கும் என்று தெரியாது. கீலின் ஆணி ஒடிந்து, மூடி சரிந்து, தொண்டையில் முக்கால் பங்கை அடைத்துக்கொண்டது. புகை அதிகமானதும் குளியலறையிலிருந்து இரண்டு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார்கள். சிவக்கக் காய்ந்திருந்த பின்சுவர்ச் செங்கற்கள் வெடித்தன. வார்ப்பிரும்புத் தட்டி இரண்டாகப் பிளந்தது. கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்துப் புகையை வெளியேற்றி, குளிர் தாங்காமல் சாத்திவிட்டுத் தூங்கிப்போனார்கள்.

நனையாத ஓரத்தில் கங்கு கனன்றுகொண்டிருந்தது. அது விடிகாலையிலும் சுட்டது. நான் கைவைத்துப் பார்த்தேன். சுடர் விட்டு எரிகிற நெருப்பை எல்லோருக்கும் பயம். ஆனால் காற்றுப் போதாமல் கனல்கிற கங்குதான் கார்பன் மோனாக்ஸைடை அதிகமாக வெளிவிடும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு அதைப் பற்றிக்கொள்கிறது. தூங்குகிறவன் இருமி எழுந்திருக்க மாட்டான். மலையூர்களில் கரியடுப்பை அறைக்குள் வைத்துப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தியை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம்.

ஐவரும் தலைவலியோடு எழுந்தார்கள். காரணம் சுலபமானது. அந்த அறையின் மேற்கு ஜன்னலில் ஒரு கதவு, மழைக்காலத்தில் ஊறி உப்பியது, சரியாகச் சாத்தாது. இரண்டு விரல் நுழையும் இடைவெளி. போகும்போது அவர்கள் பெரியப்பாவிடம் சொன்ன ஒரே குறை அந்த ஜன்னலைப் பற்றித்தான். "ராத்திரி பூரா குளிர் அங்கிள், அதை முதல்ல சரி பண்ணுங்க." கணப்பைப் பற்றி, "அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க" என்றார்கள். அட்வான்ஸ் மூவாயிரம் ரூபாய்.

இந்த வாக்கியத்தை நான் வங்கியில் தினமும் வேறு வேறு உருவத்தில் கேட்கிறேன். எல்லா நஷ்டத்துக்கும் ஒரு பத்தி உண்டு, பத்தியில் ஒரு தொகையை எழுதிவிட்டால் விஷயம் முடிந்தது என்ற நம்பிக்கை அதன் பின்னால் இருக்கிறது. அந்த இளைஞர்கள் கெட்டவர்கள் அல்ல. திருடவில்லை, சண்டை போடவில்லை, பெரியம்மாவுக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த இனிப்பைக்கூடக் கொடுத்தார்கள். அலட்சியம் என்பது குணக்கேடு என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அது ஒரு கணக்குமுறை. கொடுத்த பணத்துக்குள் எல்லாம் அடக்கம் என்று எண்ணுகிறவன் எதையும் கவனிக்க வேண்டியதில்லை. நெருப்புக்கு இந்தக் கணக்கு தெரியாது என்பதுதான் சங்கடம்.

பழுது பார்க்க வந்த மேஸ்திரிக்கு அறுபது வயதுக்கு மேல். நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964இன் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி அனுப்பப்பட்டவர்களில் அவர் குடும்பமும் ஒன்று. அவர் அப்போது சிறுவன். அங்கே துரைமார் பங்களாக்களின் சிம்னிகளைப் பார்த்துக்கொண்டவர் அவர் தகப்பனார். இவர்கள் வசித்த லயத்து வீட்டில் புகைபோக்கி கிடையாது. அடுப்புப் புகை அறையில் சுற்றிக் கூரை இடுக்கு வழியாகப் போகும். இதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. சிம்னியில் புகை எப்படிப் போகிறது என்பதை அப்பாவிடம் கற்றேன், போகாவிட்டால் எப்படி இருக்கும் என்பதை வீட்டில் கற்றேன் என்கிற பாவனையில் சொன்னார்.

முதல் நாள் ஒரு செங்கல்லையும் அவர் தொடவில்லை. செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தி வாயோரம் பிடித்து, புகை எங்கே தயங்குகிறது என்று பார்த்தார். கதவைத் திறந்து ஒருமுறை, சாத்தி ஒருமுறை. "தீ பெருசில்ல தம்பி. புகை எங்கிட்டுப் போவுதுன்னு பாக்கணும்" என்றார். மறுநாள் கூரை மேலிருந்து கயிற்றில் கல்லும் முறுக்கிய சாக்கும் கட்டி இறக்கி இழுத்தார். ஒரு மூட்டைக் கரியும், தார்போல் இறுகிய கட்டிகளும், பழைய காக்கைக் கூடு ஒன்றும் வந்தன. ஈர விறகு எரித்தால் புகையிலுள்ள பிசின் குளிர்ந்த சுவரில் படிந்து இப்படித் தாராகிறது; என்றைக்காவது அது தானே பற்றிக்கொள்ளும், அப்போது சிம்னி முழுவதும் எரியும். இளகி உறைந்த பிளாஸ்டிக் புட்டிகளைச் சாம்பலிலிருந்து நான் பொறுக்கினேன்.

வெடித்த கற்களைப் பெயர்த்து, கோயமுத்தூரிலிருந்து வரவழைத்த நெருப்புச் செங்கல்லை வைத்தார். சிமெண்ட் கூடாது, சூட்டில் உதிர்ந்துவிடும் என்று சூளைக் களிமண்ணைக் குழைத்துக் காசு கனத்துக்கு மட்டும் தடவினார். சாய்ந்த பக்கச் சுவர்களைத் தூக்குக்குண்டு வைத்து மூன்று முறை பிரித்துக் கட்டினார். தொண்டைக்கு அளவெடுக்க அவர் நாலு விரலைச் சேர்த்து நுழைத்து, அதோடு கட்டைவிரலையும் ஒட்டிப் பார்த்தார். டேப்பை வைத்தேன், நாலு அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு. ரம்ஃபோர்டைப் பற்றிச் சொன்னேன். "நல்லது" என்றார். புதிய டேம்பரை வெல்டிங் பட்டறையில் செய்தபோது, முழுக்கச் சாத்தினாலும் புகை கசியும்படி தகட்டில் ஒரு துளை போடச் சொன்னார். தச்சர் வந்து மேற்கு ஜன்னலைச் சீவிச் சரியாக்கியபோது, அதற்குப் பதில் சுவர் மேலே மூட முடியாத காற்றுத் துளை ஒன்று வேண்டும் என்று நின்றார். எட்டு நாள் உலரவிட்டு, பிறகு நாளைக்கு ஒரு சின்னத் தீயாக மூட்டிக் கல்லைப் பழக்கினோம். செலவு இருபத்து மூவாயிரம்.

வேலை தொடங்குமுன்பே பெரியம்மா கணப்பை அடைத்துச் சுவர் எழுப்பிவிடச் சொல்லியிருந்தாள். "அவங்க காசு குடுத்தாங்க, சரி. ஜன்னல் சாத்தியிருந்தா அஞ்சு பேரையும் யாரு தூக்கறது? பெத்தவங்களுக்கு என்ன பதில் சொல்றது?" பெரியப்பா இரண்டு நாள் பேசவில்லை. அவள் சொன்னதற்குப் பதில் கிடையாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மின்சார ஹீட்டர் வைத்துவிடலாம். வருகிறவர்களில் சிலர் குறைவார்கள், அவ்வளவுதான். கடைசியில் அவர் எடுத்த முடிவு வேறு. விறகை இனி யார் கையிலும் கொடுப்பதில்லை. ஏழு மணிக்கு அவரே போய்த் தீ மூட்டுகிறார். கடைசிக் கங்கு அணையும்வரை அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். பணம் கொடுத்து எடுத்த அறையில் கிழவர் ஒருவர் எதற்கு என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஒரு குடும்பம் அன்று இரவே கிளம்பிப் போயிற்று. வருமானம் குறைந்திருக்கிறது. பேசிக்கொண்டே விழித்திருப்பவர்களும் உண்டு. ஒரு சின்னப் பெண் எந்தக் கட்டையை எங்கே வைத்தால் புகையாது என்று அவரிடம் கற்றுக்கொண்டு போனாள்.

மலைக்காரர்கள் சமவெளியிலிருந்து வருகிறவர்களைத் திட்டுவது வழக்கம். எனக்கு அதில் முழுமனதாகச் சேர முடியவில்லை. கணப்பில் எரிவது சீகை, கற்பூர மரம். இரண்டும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. சல்லிவன் 1819இல் இந்த மலைக்கு வந்தபோது அவை இங்கே இல்லை. வந்தவர்கள் குளிருக்குச் சோலைகளை வெட்டி எரித்தார்கள்; சோலை தீரத் தொடங்கியதும் விறகுக்காக இவற்றைக் கொண்டுவந்து நட்டார்கள். தோடர்களின் எருமை மேய்ந்த புல்வெளிகள் பலவற்றின் மேல் இன்று சீகை மூடிக்கிடக்கிறது. வந்த விருந்தாளி வீட்டை என்ன செய்தான் என்பதற்கு நீலகிரியைவிடப் பெரிய உதாரணம் தேட வேண்டாம். வீட்டைக் கட்டியவன், வாங்கிய பெரியப்பா, மாற்றலாகி வந்த நான், அனுப்பப்பட்டு வந்த மேஸ்திரி, யாருக்கும் இது சொந்த மண்ணில்லை. இவர்களில் மேஸ்திரியை மட்டும் என்னால் விருந்தாளி என்று சொல்ல முடியவில்லை. பத்திரம் அவரிடம் இல்லை. புகை எங்கே போகும் என்ற கவலை இருந்தது.

விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பதுதான் பழைய பொருள். வருகிற ஆளுக்கும் போடுகிற சாப்பாட்டுக்கும் அது பின்னால் ஆகிவந்தது. தொல்காப்பியச் செய்யுளியலில் வனப்பு எட்டு. அவற்றில் விருந்து ஒன்று, புதிதாகப் புனைகிற யாப்பு. இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களுக்கு அதன் சண்டைகள் பழக்கம். யாப்பு என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று தெரிந்து அதை விட்டவர்கள் நம்மில் சிலர். அறையில் புகை வந்ததும் கம்பியை எடுத்து மூடியை இடித்தவர்கள் பலர். இடித்தவர்களைப் பார்த்துப் பயந்து, கணப்பையே சுவர் வைத்து அடைக்கச் சொல்கிற பண்டிதர்கள் இன்னொரு பக்கம். பெரியம்மாவின் பயத்துக்கு ஐந்து உயிர் காரணமாக இருந்தது. பண்டிதர்களுக்கு அந்தக் காரணமும் இல்லை. இரண்டு வழியிலும் அறை குளிர்ந்து கிடக்கும்.

அதே எட்டில் தொன்மையும் ஒன்று. தொன்மையும் விருந்தும் ஒரு வீட்டில் தங்க வேண்டுமானால் யாராவது ஒருவர் நாற்காலி போட்டுக் கடைசிக் கங்குவரை விழித்திருக்க வேண்டியிருக்கிறது. அதற்கு வாடகை வசூலிக்க முடியாது.