கலைமான் வினாதல்

கோவை நூல்களில் ‘கலைமான் வினாதல்’ என்றொரு துறை உண்டு. தலைவியும் தோழியும் தினைப்புனங் காத்திருக்க, வில்லேந்திய தலைவன் ஒருவன் வந்து, தன் அம்பு தைத்த மான் இவ்வழியே ஓடி வந்ததா என்று கேட்பான். திருக்கோவையாரிலும் இத்துறை உண்டு. வேழம் வினாதல், வழி வினாதல், பெயர் வினாதல் என்று இதற்கு உடன்பிறந்த துறைகளும் பல. அவன் மானைத் தேடி வரவில்லை என்பது தோழிக்குத் தெரியும். பாடம் கேட்கும் மாணவர்க்கும் தெரியும். பேச்சைத் தொடங்குவதற்கு ஒரு சாக்கு என்று எழுதிவிட்டால் முழு மதிப்பெண். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நாங்கள் இதை இவ்வாறே கற்பித்து வருகிறோம். அம்பு தைத்த அந்த மான் பிறகு என்ன ஆயிற்று என்று இதுவரை ஒரு மாணவரும் கேட்டதில்லை. கேட்பதற்குப் பாட்டில் இடமும் இல்லை.

‘நாங்கள்’ என்பது இருவரைக் குறிக்கும். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர்கள். ஒரே கல்லூரியில் ஒரே துறையில் பணி. 2023 ஆம் ஆண்டு மே விடுமுறையில் மெல்போர்னில் வாழும் நண்பர் ஒருவரின் அழைப்பை ஏற்று ஆஸ்திரேலியா சென்றிருந்தோம். நண்பர் வன்னியில் பிறந்தவர். நல்ல வாசகர், அதைவிட நல்ல வேட்டைக்காரர் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. நகரத்தைச் சுற்றிக் காட்டிய நான்காம் நாள், “சேர், கடற்கரையும் கட்டடமும் எங்கையும் பாக்கலாம். காட்டுக்கு வாறியளோ?” என்று கேட்டார். குறிஞ்சித் திணையைப் புத்தகத்தில் மட்டுமே நடத்திப் பழகிய எங்களுக்கு மறுக்கத் தோன்றவில்லை.

விக்டோரியா மாநிலத்தின் கிழக்கே கிப்ஸ்லாந்து என்னும் பகுதி. ஸ்ட்ராட்ஃபோர்டு என்ற சிற்றூரைக் கடந்து வடக்கே திரும்பினால் சாலை மலைக்குள் நுழைகிறது. அங்கே டார்கோ என்றோர் ஊர்; வாதுமைக்கொட்டை மரங்களும் பழைய விடுதி ஒன்றும் சில வீடுகளும்தாம் ஊர். அதையும் கடந்து வொனங்காட்டா ஆற்றை ஒட்டிய அரசுக் காட்டில் கூடாரம் அடித்தோம். நண்பருடன் வேட்டைக்குப் போகும் முதியவர் ஒருவர் எங்களுக்கு முன்பே வந்து தீ மூட்டி வைத்திருந்தார். எழுபது வயதை நெருங்குபவர், மரஅறுவை ஆலையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார்.

அந்நாட்டார் காட்டைப் ‘புஷ்’ என்கிறார்கள். அகராதியைப் பார்த்துப் ‘புதர்’ என்று மொழிபெயர்ப்பவர்கள் ஒருமுறை அங்கே சென்று அண்ணாந்து பார்க்க வேண்டும். யூகலிப்டஸ் மரங்கள் வானுக்கு ஏணி வைத்தாற்போல் நிற்கின்றன. பள்ளங்களில் ஆளுயரத்துக்கு மேல் மரப்பெரணிகள். யாழ்ப்பறவை என்று தமிழில் சொல்லத்தக்க ‘லையர்பேர்ட்’ அங்கே உண்டு. மற்றப் பறவைகளின் குரல்களையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தன் குரலில் பாடிக் காட்டும். முதல் நாள் காலையில் ஐந்தாறு பறவைகள் கூவுவதாக எண்ணி நாங்கள் கணக்கெடுத்துக் கொண்டிருந்தோம். எல்லாம் ஒன்றுதான் என்று நண்பர் சொன்ன பிறகு கணக்கைக் கைவிட்டோம்.

வேட்டை விலங்கு எது என்று கேட்டபோதுதான் வியப்பு. நண்பர் ‘மரை’ என்றார். படத்தைக் காட்டினார். அது எங்கள் மிளா! பாபநாசம் மலையிலும் முண்டந்துறையிலும் மாலை வேளையில் தொலைவிலிருந்து பார்த்த அதே மிளா. தமிழகத்தின் பிற பகுதிகளில் கடமான் என்பார்கள். தென்மாவட்டத்தார் இருவரும் வன்னி நண்பரும் ஒரே விலங்குக்கு வெவ்வேறு பெயர்களை வைத்துக்கொண்டு தீயருகே வழக்காடினோம். அந்த முதியவர் அதனைச் ‘சாம்பர்’ என்றார். அதுவும் இந்தியாவிலிருந்து போன சொல்லே.

சொல் மட்டுமன்று, விலங்கும் நம் நிலத்திலிருந்து போனதே. 1861 இல் மெல்போர்னில் அயல்நாட்டு உயிர்களைக் கொணர்ந்து பழக்குவதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். குடியேறிய வெள்ளையர்க்கு ஆஸ்திரேலியக் காடு வெறுமையாகத் தோன்றியது போலும். இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் வந்த கடமான்களை 1860களில் மெல்போர்னைச் சூழ்ந்த பகுதிகளில் விட்டார்கள். அவை மெல்ல மெல்லக் கிழக்கு மலைகளில் ஏறி, இன்று அங்கே பெருங்கூட்டமாகப் பெருகியுள்ளன. புலி இல்லை, சிறுத்தை இல்லை. பெருகாமல் என்ன செய்யும்? நம் நாட்டில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைக் கொல்லுவதைத் தடுக்கிறது. இலங்கையிலும் சட்டம் காக்கிறது. 2008 முதல் உலக அளவில் அழிவாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் அது இருக்கிறது. விக்டோரியாவிலோ ஆண்டு முழுவதும் வேட்டையாடலாம், இத்தனைதான் என்ற வரம்பும் இல்லை. ஒரு சட்டம் அதனை வேட்டை விலங்கு என்று மதித்து உரிமம் பெற்றவர்க்கு மட்டும் உரியதாக்குகிறது. இன்னொரு சட்டமோ, அது மரப்பட்டையை உரித்தும் மலைச்சதுப்புகளை மிதித்தும் அந்நாட்டுத் தாவரங்களுக்கு விளைக்கும் கேட்டை அச்சுறுத்தல் என்று பட்டியலிட்டிருக்கிறது.

எங்களில் ஒருவர் சற்று ஆர்வக்கோளாறாக, புலம்பெயர்ந்து வந்த மான், புலம்பெயர்ந்து வந்த மனிதர் என்று ஒப்புமை சொல்லத் தொடங்கினார். நண்பர் தீயைக் கிளறிக்கொண்டே, “அது தானா வெளிக்கிட்டு வரேல்லை, சேர். கூட்டிலை அடைச்சுக் கொண்டு வந்தவங்கள்” என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் விரும்பவில்லை என்பது தெரிந்தது. உவமை சொல்வது எங்கள் தொழிலாகிவிட்டது. எல்லா இடத்திலும் அது செல்லாது.

எங்களிடம் உரிமம் இல்லாமையால் துப்பாக்கியைத் தொடாமல் உடன் நடப்பது மட்டுமே எங்கள் வேலை. செம்மஞ்சள் நிறச் சட்டை தந்தார்கள். நடப்பதும் எளிதன்று. முதியவர் ஒரு சிறு குப்பியில் முகப்பூச்சு மாவு வைத்திருந்தார். பத்தடிக்கு ஒருமுறை அதனைப் பிதுக்கி, மாவு எப்பக்கம் மிதந்து போகிறது என்று பார்ப்பார். கடமானுக்குக் கண்ணைவிட மூக்கே காவல். காலையில் வெயில் ஏற ஏறக் காற்று பள்ளத்திலிருந்து மேலே எழும்; மாலையில் குளிர்ந்து கீழே இறங்கும். ஆகவே காலையில் மேலிருந்தும் மாலையில் கீழிருந்தும் அணுக வேண்டும். ஒரு மணி நேரத்தில் அரை கிலோமீட்டர் நடந்திருந்தால் அதிகம். கொம்பு உரசிய மரங்களையும், சேற்றில் புரண்ட குழிகளையும், பிளந்த குளம்பின் தடத்தையும் காட்டிக்கொண்டே போனார்கள். முதல் நாள் ஒரு கடமான் எங்களைக் கண்டுவிட்டது. ஊர்தியின் ஊதுகுழல் போல ஒரே ஒரு குரல் எழுப்பிற்று. பிறகு மரக்கிளைகள் முறியும் ஓசை. அதோடு அன்றைய வேட்டை முடிந்தது.

இரண்டாம் நாள் மாலை. மே மாதத்தில் அங்கே ஐந்தேகாலுக்கெல்லாம் கதிரவன் மறைந்துவிடுகிறது. ஐந்து மணி அளவில் எதிர்ச்சரிவில், நூறு மீட்டர் தொலைவில் ஒரு பெண் கடமான் வெளிப்பட்டது. மரபியல் பயின்றவர்கள் பிணை என்போம். கலை, இரலை, பிணை, மறி என்று தொல்காப்பியர் வகுத்த பெயர்கள் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. அந்த நேரத்தில் அவை ஒன்றுக்கும் உதவவில்லை. நண்பர் ஒரு மரத்தின் மீது துப்பாக்கியைத் தாங்கிக் குறிவைத்தார். ஓசை எங்கள் நெஞ்சில் இடித்தது. பிணை முதுகை வளைத்துக்கொண்டு ஒருமுறை துள்ளிப் பள்ளத்துக்குள் மறைந்தது.

அது நின்ற இடத்துக்குப் போய்ச் சேரவே இருபது நிமிடங்கள் ஆயின. முதியவர் குனிந்து இலையொன்றை எடுத்து விளக்கொளியில் பார்த்தார். நுரைத்த இளஞ்சிவப்புக் குருதி என்றால் நுரையீரலில் பட்டிருக்கிறது. சில நூறு அடிகளுக்குள் விழுந்து கிடக்கும். இது கருஞ்சிவப்பு. “ஈரல்” என்றார். ஈரலில் பட்ட மான் இறப்பது உறுதி, ஆனால் மணிக்கணக்கில் ஆகலாம். உடனே பின்தொடர்ந்தால் அஞ்சி எழுந்து ஓடிக்கொண்டே இருக்கும். விட்டுவிட்டால் அருகிலேயே படுக்கும். மேலும், கதிரவன் மறைந்து அரைமணி கழிந்தபின் வேட்டை கூடாது என்பது சட்டம். இலை கிடந்த இடத்தில் செம்மஞ்சள் நாடா ஒன்றைக் கட்டிவிட்டு அவர் திரும்பி நடந்தார்.

அன்றிரவு கூடாரத்தில் யாரும் நன்றாக உண்ணவில்லை. கூதிர் என்று பாட்டில் படித்த குளிருக்கும் அன்றைய குளிருக்கும் உறவில்லை. தண்ணீர்ப் புட்டியின் மேல் பனிக்கட்டி படர்ந்தது. நண்பர் தீயை விட்டு நகரவில்லை. வன்னியில் அவருடைய தந்தையார் இருட்டியபின் சுட்டதில்லை என்றும், காயப்பட்டதை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் பாட்டி சோறு போடமாட்டார் என்றும் சொன்னார். நாங்கள் ஆறுதலாக ஏதோ சொன்னோம். “இப்ப அது உயிரோடை கிடக்கும், சேர்” என்றார். அதற்கு மறுமொழி எங்களிடம் இல்லை. பள்ளத்தில் எங்கோ ஓசை கேட்கும்போதெல்லாம் நால்வரும் திரும்பிப் பார்த்தோம். வேட்டை வேண்டாம் என்பவர்களோடு எங்களுக்கு எந்தப் பிணக்கும் இல்லை. இறைச்சியைக் கடையில் பொட்டலமாக வாங்கி உண்டுவிட்டு வேட்டையைப் பழிப்பவர்களோடுதான் உண்டு. ஆனால் அந்த இரவில் இரு தரப்பு வாதமும் எங்களுக்குப் பயன்படவில்லை. தேடிப்போக முடியாத ஒன்று நானூறு மீட்டருக்குள் கிடக்கிறது என்பது மட்டுமே தெரிந்தது.

விடிந்தபின் நாடாவிலிருந்து தொடங்கினோம். குருதித் துளி ஒன்றைக் காணும் இடத்தில் ஒருவர் நிற்பார். மற்றவர்கள் அடுத்ததைத் தேடுவார்கள். துளி கிடைத்ததும் அங்கே ஒரு நாடா. சில இடங்களில் பத்தடிக்கு ஒரு துளி. சில இடங்களில் ஒன்றுமே இல்லை. அப்போது கைகால்களால் தவழ்ந்து இலைகளைப் புரட்டினோம். அட்டைகள் காலுறைக்குள் ஏறியதைக் கூடாரம் திரும்பியபின்தான் அறிந்தோம். ஒன்றரை மணி நேரத்தில் எண்பது மீட்டர். அதற்கப்பால் தடம் முழுவதும் அற்றுவிட்டது. “அடிபட்டது தண்ணிக்குத்தான் போகும்” என்று நண்பர் நேரே கீழே இறங்கினார். முதியவரும் தலையசைத்தார். சிற்றோடை ஒன்றின் கரையில், மரப்பெரணியின் அடியில், கால்களை மடக்கிப் படுத்திருந்தது. உறங்குவது போல என்று எழுதக் கை வருகிறது. அப்படி இல்லை. கண் திறந்திருந்தது, அருகே மண் காலால் கீறப்பட்டுக் கிடந்தது.

முதியவர் முதலில் செய்தது, மண்டியிட்டு அதன் மடியைத் தொட்டுப் பார்த்தது. கடமானுக்கு ஈனும் பருவம் என்று ஒன்று இல்லை, எந்த மாதமும் கன்று இருக்கலாம். மடி வறண்டிருந்தது. நண்பரைப் பார்த்து இல்லை என்று கையசைத்தார். நண்பர் அப்போதுதான் தோளிலிருந்து துப்பாக்கியை இறக்கி, குண்டுகளை எடுத்துவிட்டுக் கீழே வைத்தார்.

நூறு கிலோவுக்கும் மேற்பட்ட உடல். குளிர் மிகுதியால் இறைச்சியின் பெரும்பகுதி கெடவில்லை. எலும்பிலிருந்து பிரித்துத் துணிப்பைகளில் கட்டி நால்வரும் முதுகில் சுமந்து மலையேறினோம், இரண்டு நடை. நாங்கள் முதல் நடையிலேயே களைத்துவிட்டோம். முன்னங்கால் இறைச்சியை விட்டுவிடலாமா என்று கேட்டதற்கு முதியவர் எங்களைப் பார்த்த பார்வையில் விடை இருந்தது.

மெல்போர்னுக்கு இரவு வந்து சேர்ந்தோம். பாதியை முதியவர்க்குக் கொடுத்தது போக எஞ்சியதில் ஒரு பகுதியை நண்பர் வற்றல் போடுவதற்காக உப்பும் மஞ்சளும் தடவி வைத்தார். வெயில் இல்லாத ஊர். மின்சாரத்தில் உலர்த்தும் பொறி ஒன்றை அதற்கென்றே வாங்கி வைத்திருக்கிறார். அவருடைய தாயாருக்கு எண்பது வயதுக்கு மேல். அடுப்படியில் வந்து பையைத் திறந்து முகர்ந்தவுடன், “மரை” என்றார். பிறகு மகனைப் பார்த்து, “ஓடினதோ, நிண்ட இடத்திலையே விழுந்ததோ?” என்று கேட்டார்.

நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. “ஓடினது, அம்மா” என்றார்.

“அப்ப கூட நேரம் அவிய வேணும்” என்று சொல்லிவிட்டு, அவர் பெரிய சட்டியை எடுக்கச் சொன்னார்.