இல்லை டீச்சர்!



பொங்கல் லீவில், என்னிடம் நான்காம் வகுப்பு படித்த ஒருவன் குடும்பத்தோடு வேடந்தாங்கல் வந்திருந்தான். பிள்ளைகள் ஏரிக்கரையில் பைனாகுலரை வைத்துக்கொண்டு, மஞ்சள்மூக்கு நாரையா நத்தைகுத்தி நாரையா என்று சண்டை. இவனோ லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிட்டான்.

"லீவிலும் என்னடா வேலை?"

"ஆஜர் எடுக்கறேன் டீச்சர்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலாங்கிளாஸ் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லு என்றேன். சொன்னான். பெரிய ஆபீசில் ஆயிரக்கணக்கில் கம்ப்யூட்டர்கள் இருக்கும். அவற்றின் சேர்க்கைப் பதிவேடுதான் ஆக்டிவ் டைரக்டரி. 2000-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. ஒவ்வொரு பெயராகத் தேடினால் விடிந்துவிடும் என்று, பவர்ஷெல்லில் சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிடுகிறார்கள். பெயர்ப் பட்டியலைக் கொடுத்தால், பதிவேட்டில் இருக்கிறதா இல்லையா என்று அதுவே ஒவ்வொன்றாகக் கேட்டு வரும். அதற்கான கட்டளை கெட்-ஏடிகம்ப்யூட்டர்.

பதிவேட்டில் பெயர் இருந்தால் மிஷின் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமில்லையாம். உடைந்து மூலையில் கிடப்பதற்கும் பெயர் இருக்கும். (நம் பள்ளியில் பார்க்காததா!)

இவன் முதலில் எழுதிய ஸ்கிரிப்டில் ஒரு தப்பு. பெயரைச் சொல்லிக் கேட்கும்போது அது பதிவேட்டில் இல்லாவிட்டால் பிழைச் செய்தி வரும். பதிவேடு இருக்கும் சர்வரையே எட்ட முடியாவிட்டாலும் பிழைச் செய்திதான் வரும், ஆனால் அது வேறு பிழை. இவன் எந்தப் பிழை வந்தாலும் "இல்லை" என்று எழுதும்படி வைத்துவிட்டான். ஒரு ராத்திரி பாதியில் இணைப்பு அறுந்தது. அதற்குப் பிறகு கேட்ட எல்லாமே "இல்லை". அந்தப் பட்டியலை வைத்துப் பெயர்களை நீக்க இருந்தார்கள். மேலதிகாரி தன் கம்ப்யூட்டரும் "இல்லை"யில் இருப்பதைப் பார்த்ததால் தப்பித்தான்.

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பெண் பொங்கலுக்குப் பிறகு வகுப்புக்கு வரவேயில்லை. வகுப்புத் தலைவனை வீட்டுக்கு அனுப்பினேன். போய்வந்து, "இல்லை டீச்சர்" என்றான். அவள் அப்பா அம்மா செங்கல் சூளை வேலைக்குப் போகிறவர்கள். குடும்பத்தோடு போய்விட்டார்கள் என்று நானே முடிவு கட்டி, சிவப்பு மையில் பெயரை நீக்கினேன்.

ஜூன் மாதம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். முகமெல்லாம் அம்மைத் தழும்பு. வேப்பிலை கட்டிய வீட்டுக்குள்தான் இருந்திருக்கிறாள். எங்கேயும் போகவில்லை. பரீட்சை எழுதாததால் மறுபடியும் நான்காம் வகுப்பிலேயே உட்கார்ந்தாள். அவள் அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்னொரு ஆளை அனுப்பியிருக்கலாம். நானே போயிருக்கலாம், கால் மணி நேர நடைதான்.

தலைவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். தெருமுனையில் நாய் இருந்ததால் திரும்பிவிட்டேன் என்றான். போய்ப் பார்த்து "இல்லை" என்பதும், போகவே முடியாமல் "இல்லை" என்பதும் என் காதுக்கு ஒன்றாகவே கேட்டிருக்கிறது.

இப்போது இவன் ஸ்கிரிப்டில் மூன்று பதில்கள் வைத்திருக்கிறான்: இருக்கிறது, இல்லை, கேட்க முடியவில்லை. மூன்றாவது வந்தால் மறுநாள் மறுபடியும் கேட்குமாம்.

அம்மா, நீ இதைப் படித்தால் டீச்சரை மன்னித்துவிடு. ஒருநாள் வீட்டுக்கு வா.

தலைவரே, நீயும் இங்கே இருக்கிறாய் என்று தெரியும். அந்த நாய் நிஜமாகவே இருந்ததா? இப்போதாவது சொல்லுடா.